உயர்நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவரின் அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட விக்டோரியா கௌரி என்ற வழக்கறிஞரின் பெயரைச் சுற்றிப் பெரிய சண்டை நடந்தது. அதில் பலருக்கு இன்று நினைவிருப்பது ஒரே வரிதான்: “கட்சிக்காரரை ஜட்ஜ் ஆக்கிட்டாங்க.” சண்டை உண்மையில் அதைப் பற்றியதே இல்லை. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு வரியில் தொடங்குவதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உயர்நீதிமன்ற நீதிபதியை உண்மையில் தேர்ந்தெடுப்பது யார்?

அரசமைப்புச் சட்டத்தின் 217ஆவது பிரிவுப்படி நியமிப்பவர் குடியரசுத் தலைவர். நடைமுறையில் பெயர் பிறப்பது உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிகள் இருவரும் கூடும் கொலீஜியத்தில். அங்கிருந்து மாநில அரசு, ஆளுநர், மத்திய சட்ட அமைச்சகம், உளவுத்துறை என்று சுற்றி வந்து உச்சநீதிமன்றக் கொலீஜியத்தின் மேசைக்குப் போகிறது. அந்தக் குறிப்பிட்ட உயர்நீதிமன்றத்திலிருந்து போன உச்சநீதிமன்ற நீதிபதிகளிடமும் கருத்துக் கேட்பார்கள். கொலீஜியம் பரிந்துரைத்த பெயரை அரசு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதே பெயரைக் கொலீஜியம் உறுதி செய்தால் அரசு ஏற்றாக வேண்டும் என்பது 1993, 1998ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளிலிருந்து வந்த நிலை. இதை மாற்றக் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்சநீதிமன்றம் 4:1 என்ற கணக்கில் ரத்து செய்துவிட்டது.

“ஏற்றாக வேண்டும்” என்று இருக்கிறதே தவிர, எப்போதைக்குள் என்று கறாரான கெடு கிடையாது. 2021இல் உச்சநீதிமன்றம் மூன்று நான்கு வாரம் என்று சொல்லிப் பார்த்தது. கோப்பு தூங்கினால் எழுப்ப ஆளில்லை. இந்த ஓட்டையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பரிந்துரைக்கப்பட்டவரின் அரசியலை எந்த இடத்தில் பார்க்கிறார்கள்?

முறைப்படி, ஐ.பி. ரிப்போர்ட்டில், அதாவது மத்திய உளவுத்துறை தரும் அறிக்கையில். வழக்கறிஞர்கள் வட்டத்தில் “லிஸ்ட் போயிருக்கு” என்ற பேச்சு கிளம்பிய சில நாட்களில் சம்பந்தப்பட்டவரைப் பற்றி உளவுத்துறை ஆட்கள் விசாரிக்கத் தொடங்குவார்கள். தொழிலில் எப்படி, கையில் சுத்தமா, யாரோடு பழக்கம், எந்தக் கட்சிச் சாயல் என்பதெல்லாம் அதில் வரும். அந்த அறிக்கை பொதுமக்கள் கண்ணில் படாது. பரிந்துரைக்கப்பட்டவருக்கே தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாது.

2017 அக்டோபரிலிருந்து கொலீஜியத் தீர்மானங்கள் உச்சநீதிமன்ற இணையதளத்தில் வருகின்றன. பெரும்பாலானவை வறண்ட இரண்டு பத்திகள். 2023 ஜனவரியில் மட்டும் சில தீர்மானங்கள் வழக்கத்துக்கு மாறாக, உளவுத்துறை என்ன சொன்னது, அரசு எதை ஆட்சேபித்தது என்று விலாவாரியாக வெளியாயின. இப்போது நாம் இவ்வளவு பேச முடிகிறதென்றால் காரணம் அந்தச் சில பக்கங்கள்தான்.

கட்சியில் இருந்தவர் நீதிபதியாகச் சட்டத்தில் தடை உண்டா?

இல்லை. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பத்து ஆண்டு நீதித்துறைப் பதவியிலோ, பத்து ஆண்டு உயர்நீதிமன்ற வழக்கறிஞராகவோ இருந்திருக்க வேண்டும். அவ்வளவே.

வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்டம், உள்துறை பார்த்தவர். 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி, 1973இல் உச்சநீதிமன்ற நீதிபதி. அவர் உச்சநீதிமன்றத்துக்கு வருவதை எதிர்த்து பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் அறிக்கை விட்டார்கள். அதில் கையெழுத்துப் போட்ட சோலி சொராப்ஜி, பிற்காலத்தில் தன் கணிப்பு தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கே.எஸ்.ஹெக்டே காங்கிரஸ் ராஜ்யசபா உறுப்பினராக இருந்து 1957இல் மைசூர் உயர்நீதிமன்றத்துக்குப் போனவர். 1973இல் தலைமை நீதிபதி பதவி தராமல் இந்திரா காந்தி அரசு ஓரங்கட்டிய மூன்று உச்சநீதிமன்ற நீதிபதிகளில் அவரும் ஒருவர். தான் இருந்த கட்சியின் ஆட்சிக்கே ஆகாதவராகிப் போனார் மனிதர்.

நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், எஸ்.ரத்னவேல் பாண்டியன் திமுகவில் இருந்தவர். கே.சந்துரு மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்ததை ஒருநாளும் மறைத்ததில்லை.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடியவில்லை. பஹருல் இஸ்லாம் காங்கிரஸ் எம்.பி. பதவியை விட்டு 1972இல் கவுகாத்தி உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார். 1980 மார்ச்சில் ஓய்வு பெற்றவரை அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். 1983இல் பதவி விலகி மீண்டும் ராஜ்யசபாவுக்கே போய்ச் சேர்ந்தார். “கட்சிக்காரர் வரலாமா” என்று யாராவது கேட்டால், ஹெக்டேவையும் இவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இருவரும் ஒரே கட்சியிலிருந்து வந்தவர்கள்.

அப்படியானால் விக்டோரியா கௌரி விஷயத்தில் மட்டும் ஏன் அத்தனை எதிர்ப்பு?

அவர் மதுரைக் கிளையில் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்தவர். 2023 ஜனவரி 17 அன்று உச்சநீதிமன்றக் கொலீஜியம் அவர் பெயரைப் பரிந்துரைத்தது. பாஜக மகளிர் அணியில் அவர் பொறுப்பு வகித்தது ஊரறிந்த விஷயம். சென்னை வழக்கறிஞர்கள் 21 பேர் கொலீஜியத்துக்கும் குடியரசுத் தலைவருக்கும் கடிதம் எழுதினார்கள். கட்சித் தொடர்பையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். ஆனால் கடிதத்தின் முதுகெலும்பு கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் குறித்து அவர் கொடுத்த காணொலிப் பேட்டிகளும், 2012இல் ஆர்.எஸ்.எஸ். சார்பு ‘ஆர்கனைசர்’ இதழில் எழுதிய கட்டுரையும். சிறுபான்மையினரைப் பற்றி இப்படிப் பேசியவர் முன்னால் ஒரு சிறுபான்மை வழக்காடி நம்பிக்கையோடு நிற்க முடியுமா என்பதே கேள்வி. மறுபக்கத்தில் மதுரைக் கிளை வழக்கறிஞர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல செய்திகள் முதல் கடிதத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டன.

பிறகு நடந்தது மணிக்கணக்குக் கதை. பிப்ரவரி 6 காலையில், நியமனத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் போட்ட மனு 10ஆம் தேதி விசாரிக்கப்படும் என்றார்கள். அன்றே நியமன அறிவிப்பு வந்துவிட்டது. மனுதாரர்கள் தலைமை நீதிபதியிடம் மறுபடி ஓடினார்கள். விசாரணை மறுநாள் காலைக்கு மாறியது. பிப்ரவரி 7 காலை, டெல்லியில் சஞ்சீவ் கன்னா, பி.ஆர்.கவாய் அமர்வு முன் மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் வாதாடிக்கொண்டிருக்கும்போதே சென்னையில் பதவியேற்பு நடந்தது. டெல்லியில் மனு தள்ளுபடி.

அந்த வாதத்தில் ராஜு ராமச்சந்திரன் தெளிவாகச் சொன்ன ஒன்று உண்டு. அரசியல் பின்னணி தங்கள் ஆட்சேபம் அல்ல, அப்படிப் பலர் நீதிபதிகளாக வந்திருக்கிறார்கள், வெறுப்புப் பேச்சுதான் ஆட்சேபம் என்றார். நீதிபதி கவாயும் தனக்கும் அரசியல் பின்னணி உண்டு, இருபது ஆண்டுகளாக நீதிபதியாக இருக்கிறேன் என்றார். அவர் தந்தை ஆர்.எஸ்.கவாய் இந்தியக் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்தவர். மாலைச் செய்திகளில் எது தலைப்பானது? “எனக்கும் அரசியல் பின்னணி உண்டு: நீதிபதி.” மனுதாரர்கள் எழுப்பாத வாதத்துக்கான பதில் தலைப்பானது. எழுப்பிய வாதம் ஆறாவது பத்திக்குப் போனது.

உச்சநீதிமன்றம் ஏன் தலையிடவில்லை?

தகுதி வேறு, பொருத்தம் வேறு என்பது நீதிமன்றத்தின் நிலை. பத்தாண்டுத் தொழில் இருக்கிறதா என்பது தகுதி. அதை நீதிமன்றம் சோதிக்கலாம். 1992இல் கவுகாத்தி உயர்நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட ஒருவரிடம் அந்தத் தகுதியே இல்லை என்று கண்டு, பதவியேற்கும் முன்பே நியமனத்தை ரத்து செய்திருக்கிறது. இவர் நல்ல நீதிபதியாக இருப்பாரா என்பது பொருத்தம். அது கொலீஜியத்தின் வேலை, அதை வழக்காக்கி மறுபடி எடை போட முடியாது என்றார்கள். பேட்டிகளும் கட்டுரையும் பொருத்தத்தின் கீழ் வரும்.

சட்டமாகப் பார்த்தால் இது புரிகிற நிலைதான். எனக்கு இடிப்பது வேறிடம். பொருத்தத்தைப் பார்க்க வேண்டிய கொலீஜியத்தின் முன் அந்தக் காணொலிகள் இருந்தனவா? பரிந்துரை போன பிறகு சில விஷயங்கள் கவனத்துக்கு வந்திருக்கின்றன என்று தலைமை நீதிபதி சந்திரசூட் பிப்ரவரி 6 அன்று திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். அப்புறமும் பரிந்துரை திரும்பப் பெறப்படவில்லை. பார்த்துவிட்டு ஒதுக்கினார்களா, பார்க்கவே இல்லையா என்பதை எந்தத் தீர்மானமும் சொல்லவில்லை.

ஜான் சத்யன் பெயரை ஏன் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள்?

இரண்டு கோப்புகளும் ஒரே நாளில், ஒரே மேசையில் இருந்ததால்.

ஆர்.ஜான் சத்யன் சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர். 2022 பிப்ரவரியில் கொலீஜியம் அவரைப் பரிந்துரைத்தது. உளவுத்துறை அறிக்கை அவருக்கு நல்ல பெயர் இருக்கிறது, நேர்மையில் குறை இல்லை, வெளிப்படையான அரசியல் சாயல் இல்லை என்றே சொன்னது. கூடவே இரண்டு சமூக வலைதளப் பதிவுகளைக் காட்டியது. பிரதமரை விமர்சித்து ‘தி குவின்ட்’ செய்தித் தளம் வெளியிட்ட கட்டுரையைப் பகிர்ந்தது ஒன்று. 2017இல் நீட் காரணமாக உயிரை மாய்த்துக்கொண்ட மாணவி அனிதாவின் மரணத்தை அரசியல் துரோகம் செய்த கொலை என்ற பொருளில் போட்ட பதிவு இன்னொன்று. நீட் சமயத்தில் தமிழ்நாட்டில் அப்படி ஒரு பதிவு போடாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பதிவுகள் அவருடைய பொருத்தத்தையோ நேர்மையையோ பாதிக்காது என்று 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் எழுதியது. மறுபடி உறுதி செய்தது. அன்று புதிதாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு முன்னால் இவரை நியமிக்க வேண்டும் என்றும் கேட்டது. புதிதாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் விக்டோரியா கௌரி உட்பட ஐந்து பேர் மூன்று வாரத்துக்குள் பதவியேற்றார்கள். சத்யன் பெயர் வரவேயில்லை. தாமதத்தால் சீனியாரிட்டி பாதிக்கப்படுவது கவலைக்குரியது என்று மார்ச்சில் கொலீஜியம் மீண்டும் எழுதியும் பலனில்லை. முதல் பதிலில் சொன்ன ஓட்டை இதுதான்.

அதே ஜனவரி 18ஆம் தேதி, பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கான சோமசேகர் சுந்தரேசன் பெயரையும் கொலீஜியம் இதேபோல உறுதி செய்தது. அங்கும் ஆட்சேபம் சமூக வலைதளக் கருத்துகள்தான். கருத்துச் சுதந்திரம் 19(1)(அ) பிரிவின்படி எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று தீர்மானம் சொன்னது. அவருக்கு அந்த ஆண்டு நவம்பரில் நியமனம் கிடைத்தது.

ஆக, கட்சிப் பொறுப்பில் இருந்தவருக்கு மூன்று வாரம். கட்சிச் சாயலே இல்லை என்று உளவுத்துறை எழுதிக் கொடுத்தவருக்கு வாசல் திறக்கவில்லை. அரசியலைப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆளுக்கொரு படியால் அளப்பதுதான் கோளாறு.

‘அரசியல் தொடர்பு’ என்று செய்தி வந்தால் எப்படி எடை போடுவது?

அந்த இரண்டு சொற்களுக்குள் பத்து விதமான ஆட்கள் ஒளிந்துகொள்ளலாம். ஒரு கட்சிக்காகத் தேர்தல் வழக்கில் ஆஜரானவர், கட்சி வழக்கறிஞர் அணியில் பெயர் கொடுத்தவர், தேர்தலில் நின்றவர், கட்சியின் செய்தித் தொடர்பாளர், கட்சித் தலைவரின் மைத்துனர் எல்லாரும் ஒன்றா? கட்சிக்காரர் வழக்குக்கு ஃபீஸ் வாங்கி வாதாடுவது தொழில். கொலை வழக்கில் ஆஜரானவரைக் கொலைகாரர் என்போமா?

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர் பட்டியலே மாறும். அரசுப் பிளீடர் (ஜி.பி.), கூடுதல் அட்வகேட் ஜெனரல் என்று இருப்பவர்களிலிருந்துதான் பலரும் நீதிபதியாகிறார்கள். எந்த ஆட்சியில் ஜி.பி.யாக இருந்தார் என்று பார்த்தாலே எந்தக் கட்சியின் ஆள் என்று வழக்கறிஞர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். அது பல சமயம் சரியாக இருக்கும், சில சமயம் படுமோசமாகத் தவறும். திறமைக்காகக் கூப்பிட்டுப் பதவி கொடுக்கப்பட்டவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள்.

நான் பார்ப்பது இதை: அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைவிட, நாளை தன் முன்னால் கைகட்டி நிற்கப்போகிற யாரையாவது பற்றி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லி வைத்திருக்கிறாரா? ஓர் அரசை விமர்சிப்பவர் அந்த அரசின் வழக்கை நியாயமாகக் கேட்க முடியும். அரசுக்கு வாதாட அட்வகேட் ஜெனரல் இருக்கிறார், மேல்முறையீடு இருக்கிறது. ஒரு மதத்தையோ சாதியையோ மொத்தமாக ஆபத்து என்று பேசியவர் முன்னால், ஜாமீன் கேட்டு நிற்கும் அந்த மதத்துக்காரருக்கு என்ன இருக்கிறது?

ஊடகங்கள் இதில் ஒழுங்காக வேலை செய்கின்றனவா?

பெரும்பாலும் தாமதமாக. விக்டோரியா கௌரியின் பேட்டிகள் யாரும் ஒளித்து வைத்தவை அல்ல; யூடியூபில் கிடந்தன. பரிந்துரை வெளியான பிறகுதான் அவற்றை எடுத்துப் பார்த்தார்கள். உயர்நீதிமன்றக் கொலீஜியம் அனுப்பும் பட்டியல் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் சுற்றுவதால், நிருபர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. 1937இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியாகச் செனட் ஒப்புதல் பெற்ற ஹ்யூகோ பிளாக், வெள்ளையர் மேலாதிக்க அமைப்பான கு கிளக்ஸ் கிளானில் உறுப்பினராக இருந்ததற்கான சான்றுகளை ஒரு பிட்ஸ்பர்க் நாளிதழ் வெளியிட்டபோது அவர் ஏற்கெனவே நீதிபதி. வானொலியில் பேசி, சேர்ந்ததையும் விலகியதையும் ஒப்புக்கொண்டார், பதவியில் நீடித்தார். அதே பிளாக்தான் 1954இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற ஒருமனதான தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1970இல் அதே நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ஹாரல்ட் கார்ஸ்வெல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெள்ளையர் மேலாதிக்கத்தை ஆதரித்து 1948இல் அவர் பேசியது ஒரு சிற்றூர்ப் பத்திரிகையின் பழைய இதழிலிருந்து வாக்கெடுப்புக்கு முன்பே கிடைத்துவிட்டது. செனட்டில் 45–51 என்று தோற்றார்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2005 ஜூலை. ஜான் ராபர்ட்ஸ் அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டதும், பழமைவாத வழக்கறிஞர் அமைப்பான ஃபெடரலிஸ்ட் சொசைட்டியில் அவர் உறுப்பினர் என்று பத்திரிகைகள் எழுதின. உறுப்பினராக இருந்ததாக அவருக்கு நினைவில்லை என்றது வெள்ளை மாளிகை. பத்திரிகைகள் வரிசையாகத் திருத்தம் போட்டன. சில நாள் கழித்து வாஷிங்டன் போஸ்ட், அந்த அமைப்பின் 1997–98 நிர்வாகிகள் கையேட்டில் அவர் பெயர் இருப்பதைக் கண்டுபிடித்தது. முதலில் எழுதியவர்களிடமும் ஆவணம் இல்லை, திருத்தம் போட்டவர்களிடமும் ஆவணம் இல்லை. கையேட்டைத் தேடியவர் ஒருவர் போதுமாக இருந்தார்.

எனவே ஒரு செய்தியைப் படிக்கும்போது “கூறப்படுகிறது”, “தெரிகிறது” எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். தேதியோடு ஒரு காணொலி, ஒரு கட்டுரை, ஒரு வேட்புமனு காட்டப்பட்டிருக்கிறதா? கட்சி மேடைப் புகைப்படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் முடிவுகட்டாதீர்கள். கல்யாண வீட்டில் எடுத்த படமெல்லாம் இப்படிச் சுற்றியிருக்கிறது.

அமெரிக்கா மாதிரி பொது விசாரணை வைத்தால் என்ன?

செனட் குழு முன் கேள்வி கேட்பது நன்றாகத்தான் இருக்கும், பார்க்க. கட்சிக்குக் கட்சி ஓட்டுப் பிரியும் நாடகமாகவும் அது மாறிவிட்டது. இங்கே அதைவிடச் சின்னதாக ஒன்று போதும்: பரிந்துரைக்கு முன்பே பெயரை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரச் சொல்லி, சம்பந்தப்பட்டவரின் பதிலையும் வாங்கி, முடிவுக்கான காரணத்தை ஒரு பக்கம் எழுதுவது. விக்டோரியா கௌரிக்கும் ஜான் சத்யனுக்கும் தங்கள் தரப்பைச் சொல்ல அப்படியொரு இடம் கிடைக்கவே இல்லை.

இதையெல்லாம் எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு வராதா?

பதவியேற்கும் வரை அவர் வழக்கறிஞர்தான். அதுவரை அவரைப் பற்றி எழுதுவதில் பார்க்க வேண்டியது அவதூறுச் சட்டம். பதவியேற்ற பிறகு கவனம் கூட வேண்டும். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவே சொல்கிறது. “இந்தக் கட்சிக்காரர், அதனால்தான் இப்படித் தீர்ப்பு” என்று உள்நோக்கம் கற்பிக்கும்போதுதான் வம்பு. தீர்ப்பில் எந்தப் பத்தி தவறு என்று காட்டுங்கள். வாதமும் வலுவாக இருக்கும்.

நியமனம் முடிந்துவிட்டால் செய்ய ஒன்றுமே இல்லையா?

கொஞ்சம் உண்டு. பலரும் முதலில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குக் கூடுதல் நீதிபதியாகத்தான் வருகிறார்கள். நிரந்தரமாக்கும் முன் அவர்களின் தீர்ப்புகள் மதிப்பிடப்படும். விக்டோரியா கௌரி 2024 செப்டம்பரில் நிரந்தர நீதிபதியானார். குறிப்பிட்ட வழக்கில் பாரபட்சம் வரும் என்று நியாயமாக அஞ்சினால், அந்த நீதிபதி விலகிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம், முடிவெடுப்பவர் அவரேதான். நாடாளுமன்றம் வழியாகப் பதவி நீக்கம் என்பது ஏட்டில் இருக்கிறது.

கட்சிப் பதவிக்கும் நீதிபதி பதவிக்கும் இடையே இத்தனை ஆண்டு இடைவெளி என்று விதி வைக்கலாமா?

2025இல் இந்தக் கேள்வி மறுபடி வந்தது. மகாராஷ்டிர பாஜக செய்தித் தொடர்பாளராக இருந்த ஆர்த்தி சாத்தேவை ஜூலையில் கொலீஜியம் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தது, ஆகஸ்டில் நியமனம். அவர் 2024 ஜனவரியிலேயே கட்சிப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார் என்றது கட்சி. ஒன்றரை ஆண்டு போதுமா, ஐந்து ஆண்டு வேண்டுமா என்று விவாதம் ஓடியது.

வைக்கலாம் என்பேன், ஆனால் அதிகம் எதிர்பார்க்காமல். விதி வந்தால் விலகல் கடிதங்கள் முன்தேதியிட்டு வரும், அவ்வளவுதான். தவிர, விதி பிடிப்பது பொறுப்பில் இருந்தவரை மட்டும். பொறுப்பே இல்லாமல் மனதுக்குள் அமைப்பைச் சுமப்பவரை எது பிடிக்கும்? கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சித்தரஞ்சன் தாஷ் தான் ஆர்.எஸ்.எஸ். உறுப்பினர் என்று சொன்னது 2024 மே மாதம், தன் பிரிவுபசார விழாவில். அதே நீதிமன்றத்தின் அபிஜித் கங்கோபாத்யாய் அதற்கு இரண்டு மாதம் முன்பு பதவியை ராஜினாமா செய்து, சில நாளில் பாஜகவில் சேர்ந்து, ஜூனில் தம்லுக் தொகுதியில் எம்.பி. ஆனார். உள்ளே வரும் வாசலுக்கு இடைவெளி வைப்பதானால் வெளியே போகும் வாசலுக்கும் சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள்.